ஒப்பரேஷனுக்குப் பிறகும் வலிக்கும்

"ஒப்பரேஷன் செஞ்சாச்சுல்ல, இன்னும் என்ன வலி?" எண்டோமெட்ரியோசிஸுக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டு அட்டனிலோ மஸ்கெலியாவிலோ உள்ள தேயிலைத் தோட்ட லயத்துக்குத் திரும்பும் பெண்ணை மாமியார் இப்படிக் கேட்பார், கங்காணி கேட்பார். தோட்டத்தில் ஒப்பரேஷன் என்றால் நெடுங்காலமாகக் கருத்தடைதான். ஒருமுறை செய்தால் அத்தோடு சரி. அதே கணக்கை இந்த நோய்க்கும் போடுவதுதான் தவறு.

கர்ப்பப்பையின் உட்படலத்தை ஒத்த திசு சூலகத்திலும் குடலிலும் அடிவயிற்றுச் சவ்விலும் வளர்வதே எண்டோமெட்ரியோசிஸ். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறைய 10 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 19 கோடிப் பேருக்கு, இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. சத்திரசிகிச்சை பலருக்கு நல்ல ஆறுதல் தருகிறது, உண்மைதான். ஆனால் வைத்தியர் கண்ணில் பட்டதைத்தான் அகற்ற முடியும். 2009இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, 2 ஆண்டுகளில் ஐவரில் ஒருவருக்கும், 5 ஆண்டுகளில் 40 முதல் 50 சதவீதம் பேருக்கும் நோய் திரும்புகிறது.

கர்ப்பப்பையையே எடுத்துவிட்டால் தீர்ந்துவிடும் என்கிறார்கள். இதே நோயுள்ள அமெரிக்க நடிகை லீனா டன்ஹாம் 31 வயதில் கர்ப்பப்பையை எடுத்தார். 2018 அக்டோபரில் இடது சூலகத்தையும் எடுக்க வேண்டி வந்தது. நோய் கர்ப்பப்பைக்கு வெளியே இருக்கும்போது கர்ப்பப்பையை மட்டும் எடுத்து என்ன பயன்?

"பிள்ளை பெத்தா சரியாகிடும்" என்பதும் அப்படித்தான். கர்ப்பகாலத்தில் சிலருக்கு வலி தணியலாம், அது நிலைப்பதில்லை. இந்த நோய்க்குச் சிகிச்சையாகக் கர்ப்பத்தைப் பரிந்துரைக்கக் கூடாதென்று 2022இல் ஐரோப்பிய வழிகாட்டி தெளிவாகச் சொன்னது.

ஸ்கேன் சுத்தமாக இருந்தால் வலி மனசில்தான் என்று முடிவுகட்டுவது எல்லாவற்றையும்விடக் கொடுமை. மேலோட்டமாகப் படர்ந்த திசு பெரும்பாலும் ஸ்கேனில் தெரியாது. வருடக்கணக்காக வலித்த நரம்புகள், திசுவை எடுத்த பிறகும் சின்னத் தூண்டலுக்கே துடிக்கும். இடுப்படித் தசைகள் இறுகிக்கிடக்கும். தழும்பு உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். இவை எல்லாமே உடம்பின் வலிதான்.

இந்த வலியைச் சோம்பல் என்று சொல்பவர்கள் ஒரு நாள் மலைக்குப் போய்ப் பார்க்கட்டும். கூடைக் கயிறு நெற்றியை அழுத்த, சரிவில் ஒரு காலை ஊன்றிக் குனிந்து கொழுந்து எடுக்கும்போது முழுப் பாரத்தையும் தாங்குவது அந்த அடிவயிறும் இடுப்பும்தான். மழையில் இடுப்பில் கட்டிய படங்கு நனைந்து கனக்கும். பல மலைகளில் பக்கத்தில் கழிப்பறை இல்லை, துணி மாற்றத் தேயிலைச் செடிதான் மறைவு. குறித்த கிலோ எடுக்காவிட்டால் அரைப்பேர், பாதி நாள் சம்பளம்தான்.

சத்திரசிகிச்சைக்குப் பின் உடனே பிள்ளை வேண்டாம் என்பவர்களுக்கு டைனோஜெஸ்ட் போன்ற ஓமோன் மாத்திரையோ ஓமோன் லூப்போ நோய் திரும்புவதைக் குறைக்கும். இறுகிய தசைகளுக்கு இயன்மருத்துவம் உதவும். இவற்றுக்குத் தொடர்ந்து கிளினிக் போக வேண்டும், போனால் அன்றைய பேர் போய்விடும்.

வலி தொடரும் சகோதரிகளே, எந்தெந்தத் தேதியில் வலித்தது என்று ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு மறுபடியும் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கோ நுவரெலியா ஆஸ்பத்திரிக்கோ போய் வைத்தியரிடம் காட்டுங்கள். தொழிற்சங்கத் தலைவர்களே, அடுத்த சம்பளப் பேச்சில் கிளினிக் நாளுக்கும் முழுப்பேர் கேளுங்கள்.