வண்டியில் பெயர் எழுதுவது குற்றமா?



நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆறுமுகநேரியில் மளிகை மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவன். சட்டம் படித்தவன் அல்ல. ஆனாலும் சில மாதங்களாக என் மனதை உறுத்திக் கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை நமது இதழ் வாயிலாகத் தங்கள் கவனத்திற்குக் கொண்டு வர விரும்புகிறேன்.

எங்கள் கடையின் குட்டி யானை வண்டி பருப்பு மூட்டையும் எண்ணெய் டின்னும் ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊர்களுக்கு லைன் போகும். அதன் இரு பக்கமும் கடைப் பெயரும் ஊரும் தொலைபேசி எண்ணும் எழுதப்பட்டிருக்கும். ஒரு நாள் காலை, வழியில் ஓர் ஊரில் வண்டியை நிறுத்தி, "விளம்பரத்துக்கு அனுமதி எங்கே?" என்று கேட்டிருக்கிறார்கள். டிரைவர் எனக்குப் போன் செய்தார். எந்தச் சட்டம், எவ்வளவு கட்டணம், எங்கே கட்ட வேண்டும் என்று நான் கேட்டதற்குப் பதில் இல்லை. சரக்குக்காக ஏழெட்டுக் கடைக்காரர்கள் காத்திருந்தார்கள். "ஐந்நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு வா தம்பி" என்று சொல்லிவிட்டேன். ரசீது இல்லை.

அன்று மாலை என் மகன், "அப்பா, பெயரை அழித்துவிட்டால் தொல்லை இல்லையே" என்றான். அந்தச் சொல்தான் என்னை இதை எழுத வைத்தது. அப்பன் பாட்டன் காலத்திலிருந்து சம்பாதித்தது பணத்தை விடப் பெயரைத்தான். அதை நாமே சுரண்டி எடுப்பதா? அதே நேரத்தில், ரசீது இல்லாமல் பணம் கொடுத்தது என் தவறு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இப்படிக் கொடுக்கும் ஒவ்வொருவரும் அடுத்த வண்டியை நிறுத்தச் சொல்லிக் கொடுக்கிறோம்.

அதன்பின் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றைக் கூறுகிறேன்.

முதலாவது, "பெர்மிட்" என்ற சொல்லில் உள்ள குழப்பம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆவது பிரிவின்படி, மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. 2005-இல் குட்டி யானை வந்தபின் சிறு வியாபாரிகள் பலர் சொந்த வண்டி வாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் இது வண்டி ஓட்டுவதற்கான பெர்மிட்டைப் பற்றியது. இதை வைத்து, வண்டியின் மேல் எதை வேண்டுமானாலும் எழுதலாம், ஒட்டலாம் என்று நம்மில் சிலர் நினைப்பது சரியல்ல. நம்பர் பிளேட்டில் எண்ணைத் தவிர வேறு பெயரோ படமோ இருக்கக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. 2024 மே மாதம் சென்னையில் இதைக் காட்டித்தான் போலீசார் ஸ்டிக்கர்களுக்கு அபராதம் விதிக்கத் தொடங்கினார்கள்.

இரண்டாவது, வரி வேறு, உரிமக் கட்டணம் வேறு. முன்பு விளம்பரத்தின் மீது வரி விதிக்கும் அதிகாரம் அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 55-ஆவது இனமாக இருந்தது. ஜி.எஸ்.டி.க்காக 2016-இல் செய்யப்பட்ட 101-ஆவது திருத்தத்தில் அந்த இனமே நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே இன்று "விளம்பர வரி" என்று யாராவது கேட்டால், எந்தச் சட்டப்படி என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் வசூலிக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 265-ஆவது பிரிவு கூறுகிறது. ஆனால் உரிமம் வழங்கி அதற்குக் கட்டணம் பெறுவது வேறு விஷயம். தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அது நம்மைப் போன்ற பேரூராட்சிகளுக்கும் பொருந்தும். அனுமதியின்றி விளம்பரப் பலகை வைப்போருக்குத் தண்டனையும் அதில் உண்டு.

மூன்றாவது, எது விளம்பரம் என்ற கேள்வி. 2005-இல் மும்பை மாநகராட்சிக்கும் ஒரு வங்கிக்கும் இடையே ஏ.டி.எம். பலகைகள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பெயரை மட்டும் அறிவிக்கும் பலகையையும், ஆளை இழுக்கும் விளம்பரத்தையும் ஒன்றாகக் கருத முடியாது என்ற கருத்து அதில் ஏற்கப்பட்டது. அது பலகை பற்றிய வழக்கு, வண்டி பற்றியது அல்ல, நமது மாநிலச் சட்டத்தின் கீழும் வரவில்லை என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் நியாயம் ஒன்றுதான்.

வண்டியைப் பற்றியே ஒரு வழக்கு அமெரிக்காவில் நடந்திருக்கிறது. நியூயார்க் நகரில், ஒருவர் தன் தொழில் வண்டியில் தன் தொழிலின் அறிவிப்பை எழுதிக் கொள்ளலாம், பிறருடைய விளம்பரத்தைச் சுமந்து ஓட்டக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. சுமார் 1,900 லாரிகள் வைத்திருந்த ஒரு பார்சல் கம்பெனி, தன் லாரிகளின் பக்கங்களைப் பிறர் விளம்பரத்துக்கு விற்று வந்தது. அதற்கு அபராதம் விழுந்தது. வழக்கு மேலே போய், 1949-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நகரத்தின் விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. எழுபது ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஊர்க்காரர்கள் கோட்டை எங்கே கிழிப்பது என்று தெளிவாக எழுதி வைத்திருந்தார்கள். நமக்கு வேண்டியதும் அதுபோன்ற கோடுதான்.

இதில் அதிகாரிகள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. சாலையில் கவனம் சிதறினால் உயிர் போகும். 2022 அக்டோபரில் வடக்கஞ்சேரியில் நடந்த பேருந்து விபத்துக்குப் பின், கேரள உயர் நீதிமன்றம் அரசுப் பேருந்துகளில் விளம்பரம் கூடாது என்றது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அரசுப் போக்குவரத்துக் கழகத்திற்கே இவ்வளவு வழக்கு என்றால், ஒரு குட்டி யானை வைத்திருப்பவர் எம்மாத்திரம்!

நம் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். சோப்புக் கம்பெனியும் தேயிலைக் கம்பெனியும் இலவசமாகப் பெயிண்ட் அடித்துத் தருகிறார்கள் என்று வண்டியின் இரு பக்கத்தையும் கொடுத்துவிடுகிறோம். நமது கடைப் பெயர் ஒரு மூலையில் கடுகு போல் இருக்கும். அதற்குப் பணமும் பெற்றிருந்தால் அது கணக்கில் காட்ட வேண்டிய வரவு. அது விளம்பரம்தான். அதற்கு அனுமதி கேட்டால் கோபப்பட முடியாது. சிலர் திருவிழாக் காலத்தில் திருச்செந்தூர் சாலையோரம் வண்டியை நாள் முழுக்க நிறுத்தி, அதையே விளம்பரப் பலகையாக்குகிறார்கள். இதுவும் சரியல்ல.

எனவே என் தாழ்மையான யோசனைகள் இவை. சொந்த வண்டியில் சொந்தக் கடையின் பெயர், ஊர், தொலைபேசி எண், விற்கும் சரக்கு ஆகியவற்றை எழுதுவதற்கு அனுமதியும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம் என்று அரசு தெளிவாக அறிவிக்க வேண்டும். பிறர் பொருளின் விளம்பரத்துக்கு ஆண்டுக்கு ஒரு முறை, ஒரே இடத்தில், ரசீதோடு கட்டும் நியாயமான கட்டணம் இருக்கட்டும். ஓர் ஊரில் பெற்ற அனுமதி அடுத்த ஊரிலும் செல்ல வேண்டும். கடை ஓரிடத்தில் நிற்கும். வண்டியோ காயல்பட்டினம், ஆத்தூர், முக்காணி என்று ஒரே காலையில் நாலு எல்லையைத் தாண்டும். ஊருக்கு ஊர் கட்டணம் என்றால் சரக்கின் மேல்தான் விழும். கடைசியில் கொடுப்பவர் கால் கிலோ பருப்பு வாங்கும் ஏழைதான்.

அரசு அறிவிக்கும் வரை நாம் சும்மா இருக்க வேண்டாம். தகவல் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பித்தால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். சங்கத்தின் பெயரில் அல்ல, நமது உறுப்பினர் ஒருவர் தம் சொந்தப் பெயரில் பேரூராட்சிக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்கும் தனித்தனியே எழுதிக் கேட்கட்டும்: சொந்தக் கடைப் பெயருக்கு அனுமதி வேண்டுமா, எந்த விதியின்படி, கட்டணம் எவ்வளவு? வரும் பதிலைச் சங்கம் நகலெடுத்து ஒவ்வொரு வண்டியிலும் வைக்கச் செய்யட்டும். கட்டணம் உண்டு என்று பதில் வந்தால் கட்டுவோம். இல்லை என்று வந்தால் அந்தத் தாளை நீட்டுவோம். விண்ணப்பிக்க வேறு யாரும் முன்வரவில்லை என்றால் நானே எழுதத் தயார்.

மகனிடம் பெயரை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மழையில் மங்கிப் போயிருந்த எழுத்துகளைப் பெயிண்டரை அழைத்து மறுபடியும் எழுதச் செய்திருக்கிறேன். இனி எங்கே நிறுத்தினாலும் டிரைவர் முதலில் கேட்கப் போவது ரசீதைத்தான். மற்ற உறுப்பினர்களும் அவ்வாறே செய்ய வேண்டுமெனக் கேட்டுக் கொள்கிறேன்.