காட்டுக் காடைதான் வேண்டுமா?

ஓட்டப்பிடாரம் என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது வ. உ. சிதம்பரம் பிள்ளையின் பெயர். 1872-ல் அவர் பிறந்த ஊர் அது. பக்கத்திலேயே பாஞ்சாலங்குறிச்சி. அங்கே கோட்டை எழும்பியதற்கு ஜனங்கள் ஒரு கதை சொல்வார்கள். துரத்தி வந்த வேட்டை நாய்களை ஒரு முயல் திரும்பி நின்று விரட்டியதாம். 'இது வீரம் விளைந்த மண்' என்று அந்த இடத்திலேயே கோட்டை கட்டினார்களாம்.

முயலுக்கு ஒரு கதை கிடைத்துவிட்டது. அதே கரிசல் காட்டில், அதே நாய்களின் காலடியில் பதுங்கிக் கிடந்த காடைக்கு ஒரு கதையும் கிடைக்கவில்லை. கதை கிடைக்காவிட்டால் போகிறது. உயிராவது மிஞ்ச வேண்டாமா?

இந்தக் கேள்வி எனக்கு எழுந்தது கோவில்பட்டிப் பக்கம், சாலையோரச் சாப்பாட்டுக் கடை ஒன்றில். பரிமாறுகிறவர் என் காதருகே குனிந்து, "அண்ணாச்சி, பண்ணைக் காடை இருக்கு. காட்டுக் காடை வேணும்னா சொல்லுங்க, ராத்திரிக்குள்ள வந்துரும்" என்றார். ஏதோ பெரிய மரியாதை செய்கிறவரைப் போல!

எதிர் பெஞ்சியில் இருந்த பெரியவர் ஒருவர் சிரித்தார். "தம்பி, காட்டுக் காடைன்னு சொல்றாரே, எந்தக் காடைன்னு கேளுங்க" என்றார்.

பரிமாறுகிறவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. தெரியாமலே ஒன்றைப் பிடிக்கிறோம், தெரியாமலே விற்கிறோம், தெரியாமலே தின்கிறோம்! என் வாதமே இங்கேதான் தொடங்குகிறது.

எந்தக் காடை?

காடை என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது ஒரே பறவை அல்ல.

ஒன்று, குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் காடை. புரட்டாசி, ஐப்பசி வாக்கில் வந்து இறங்கும்; பங்குனி வாக்கில் திரும்பிவிடும். உள்ளங்கைக்குள் அடங்கும் இந்தச் சிறு பறவை, இரவு நேரத்தில் நூற்றுக்கணக்கான மைல் பறந்து வருகிறது. இரண்டாவது, மழைக்காடை. ஆண் பறவைக்கு மார்பில் கறுப்புத் திட்டு இருக்கும். மழை விழுந்து புல் தளிர்த்ததும் கூவத் தொடங்கும். மூன்றாவது, புதர்க்காடை. கூட்டமாக வாழும். இரவில் எல்லாம் வட்டமாக உட்கார்ந்து, தலைகளை வெளிப்புறம் நீட்டித் தூங்கும். ஆபத்து வந்தால் திசைக்கு ஒன்றாகச் சிதறிப் பறக்கும்.

நாலாவதுதான் வேடிக்கையானது. உருவத்தில் காடை, ஆனால் காடைக் குடும்பமே அல்ல. காலில் பின் விரல் கிடையாது, மூன்றே விரல்கள். இதில் பெண்தான் பெரிது. பெண்ணுக்குத்தான் நிறம் அழகு. கூவி அழைப்பதும் சண்டைக்கு நிற்பதும் பெண்தான். முட்டையிட்டுவிட்டு அது அடுத்த துணையைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண்!

தட்டில் வந்து விழும்போது இந்த நாலும் ஒன்றாகிவிடுகின்றன. மிளகாய்த் தூளுக்கு அடியில் எது எந்தக் காடை என்று யார் கண்டார்கள்?

நாயும் வலையும்

கரிசல் சீமை வேட்டை நாய்களுக்குப் பேர்போனது. சிப்பிப்பாறை, கன்னி ஆகிய இனங்களைக் கேள்விப்படாதவர் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவை கண்ணால் பார்த்து ஓட்டும் நாய்கள். ஓடுகிற முயலுக்கு எமன். பதுங்குகிற காடைக்கு அல்ல. வெள்ளைக்காரத் துரைமார்கள் காடை வேட்டைக்கென்று வேறு ஜாதி நாய்களை வைத்திருந்தார்கள். அந்த நாய் மோப்பம் பிடித்துப் போய், பறவை பதுங்கியிருக்கும் இடத்துக்கு நேரே மூக்கை நீட்டிச் சிலைபோல நிற்கும். பறவை எழும், துப்பாக்கி வெடிக்கும். நாய் இல்லாத இடத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திக் காட்டைக் கலைப்பார்கள்.

நம் ஊரில் துப்பாக்கி எத்தனை பேரிடம் இருந்தது? இங்கே வலையும் கண்ணியும் கூண்டும்தான். கூண்டில் ஒரு பறவையை வைத்துக் கூவ விட்டால், அந்தக் குரலுக்கு மற்றது வரும். மூன்று விரல் காடையில் வருவது பெண். 'என் எல்லையில் நீ யார்?' என்று சண்டைக்கு வந்து மாட்டிக்கொள்ளும். இப்போது கூண்டுப் பறவையும் வேண்டாம். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டால் போதும். விடிய விடியக் கூவினாலும் அந்தக் கருவிக்குத் தொண்டை கட்டாது!

துப்பாக்கிக்காரர் எழுகிற பறவையைச் சுட்டார், நாலைந்து தப்பின. வலை தப்பவிடாது. அதிலும் குரலுக்கு வருகிற பறவை எது? இனப்பெருக்கத்துக்குத் தயாராக நிற்கிற பறவை. அதைப் பிடிப்பது விதை நெல்லைக் குத்திச் சோறாக்குவது போலத்தான்.

இந்தத் தவறு நமக்கு மட்டும் உரியதல்ல. எகிப்து தேசத்தின் மத்தியதரைக் கடற்கரையில் மைல் கணக்கில் வலை கட்டி, ஐரோப்பாவிலிருந்து கடல் தாண்டிக் களைத்து வரும் காடைகளை வாரிப் பிடிக்கிறார்கள். அந்த வலையைப் பார்த்து உலகம் முழுவதும் கண்டிக்கிறது. நம் வயலில் விரித்த வலை சிறியது என்பதால் நியாயமாகிவிடுமா?

சட்டம் என்ன சொல்கிறது?

வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1887-லும் 1912-லும், பறவைகளுக்காகச் சட்டங்கள் வந்தன. வேட்டையைத் தடுக்க அல்ல. முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் பருவத்தில் மட்டும் விட்டுவைக்க. வேட்டைக்காரனே அன்று அவ்வளவு யோசித்தான். 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்போதும் சிறு வேட்டைக்கு லைசென்ஸ் உண்டு. 1991 திருத்தத்தோடு அந்தக் கதவும் மூடிவிட்டது. 2022-ல் திருத்தி, 2023 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த விதிகளின்படி, பொதுவான குற்றங்களுக்கே மூன்று வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பிடிப்பது மட்டுமல்ல, வைத்திருப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றமே.

ஆனால் நடப்பது என்ன? வலையோடு அகப்படுகிறவன் பெரும்பாலும் ஏழை. அன்றைய பொழுதுக்கு அரிசி வாங்கப் போனவன். காரில் வந்து, 'காட்டுக் காடைதான் வேண்டும்' என்று கேட்டுத் தின்றவர் கை துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். வேட்டைக்காரன் யார்? வலையைப் பிடித்தவனா, அதற்குப் பணம் கொடுத்தவரா? இருவரும்தான். ஆனால் முதலில் நிறுத்தவேண்டியவர் இரண்டாமவர். அவருக்கு இது பசி அல்ல, ருசி.

அந்த ருசியின் எடையைப் பார்ப்போம். மூன்று விரல் காடை ஒன்று ஐம்பது கிராம் அளவில்தான் இருக்கும். இறகும் எலும்பும் போனால் ஒரு வாய்! பண்ணையில் வளரும் ஜப்பானியக் காடை ஐந்து வாரத்தில் இருநூறு கிராம் அளவுக்கு வந்துவிடுகிறது. 1974-ல் இந்தியாவுக்கு வந்த இந்த இனத்திலிருந்து நம் தமிழ்நாட்டுக் கால்நடை விஞ்ஞானிகள் நந்தனம் காடை, நாமக்கல் காடை என்று புது வகைகளே உண்டாக்கிவிட்டார்கள். அதைத் தின்பதைச் சட்டமும் தடுக்கவில்லை, நானும் தடுக்கவில்லை.

"பாட்டன் காலத்திலிருந்து பிடிக்கிறோம், அழிந்தா போயிற்று?" என்று கேட்பார்கள். இமயமலைச் சாரலில் மலைக்காடை என்று ஓர் இனம் இருந்தது. 1876-ல் நைனிதால் அருகே ஒன்றைச் சுட்டார்கள். அதற்குப் பிறகு நிச்சயமாகக் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. சுட்டவருக்கு அது கடைசி என்று தெரிந்திருக்குமா? தெரியாமல்தான் முடிந்துபோகிறது.

வரப்பும் ஒரு வீடு

வலையை மட்டும் குறை சொன்னால் பாதி உண்மைதான். அந்தப் பெரியவர் சொன்னதைக் கேளுங்கள்: "கம்பும் சோளமும் போட்ட காலத்துல அறுப்பு நேரம் காலடியில எந்திரிச்சுப் பறக்கும் தம்பி. இப்ப மக்காச்சோளமும் மருந்துமா இருக்கு. வரப்புல புல்லு கிடையாது. அது எங்க போய்ப் படுக்கும்?"

2018-ல் படைப்புழு நம் நாட்டுக்குள் நுழைந்தபின் மக்காச்சோளத்துக்கு மருந்தடிப்பது கூடியிருக்கிறது. விவசாயியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் போட்ட முதலைக் காப்பாற்றப் பார்க்கிறார். ஆனால் காடைக் குஞ்சுக்கு ஆகாரமே பூச்சிதான். மருந்து வரப்பு வரைக்கும் போகவேண்டுமா? ஓரத்தில் நாலடிப் புல்லைக் களைக்கொல்லிக்குத் தராமல் விட்டால் என்ன குறைந்துவிடும்? அறுப்பு இயந்திரம் இறங்குமுன் ஓர் ஆள் காட்டைச் சுற்றிவந்து, கூடு கண்ட இடத்தில் ஒரு குச்சியை நட்டால் போதாதா? கூடு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மண்ணில் ஒரு குழி, கொஞ்சம் புல், நாலைந்து முட்டை.

நாய் வளர்க்கிற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. சிப்பிப்பாறைக்குப் பெருமை அதன் ஓட்டத்தில் இருக்கிறது. அதன் வாயில் தொங்கும் உயிரில் இல்லை. நாயை ஓடவிடுங்கள், வெற்றுப் பொட்டலில் ஓடவிடுங்கள்.

பாஞ்சாலங்குறிச்சி முயல் திரும்பி நின்று நாயை விரட்டியதாம். காடை அப்படித் திரும்பி நிற்காது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பதுங்குவது ஒன்றுதான். ஆகவே திரும்பவேண்டியவர்கள் நாம்.

அன்று கடையில், "பண்ணைக் காடையே கொண்டு வாருங்கள், அண்ணாச்சி" என்றேன். பெரியவர் தலையை ஆட்டினார். உங்களிடமும் ஒருநாள் இப்படிக் காதருகே குனிந்து கேட்பார்கள். நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள்?