வாசற்படியோடு நிற்காது: தப்பட்டை குறித்துப் பாடகர் குழுக்களின் நிலைப்பாடு

பனமரத்துப்பட்டி வட்டாரச் சபைகளின் பாடகர் குழுக்களும் வாலிபர்களும் கூடிப் பேசி, பலமுறை திருத்தி வெளியிடும் அறிக்கை இது. கடந்த அறுப்பின் பண்டிகையில் தப்பட்டைக்காரர்கள் ஆலயப் படியில் நிறுத்தப்பட்டதும், அதன்பின் சபை நிர்வாகக் குழு ஒன்று நிறைவேற்றிய தீர்மானமும் அனைவரும் அறிந்தவை. தப்பட்டை, பம்பை, உருமி மூன்றும் பவனியோடு நின்றுவிட வேண்டும், ஆராதனைக்குள் வரக்கூடாது என்கிறது தீர்மானம். "சபையின் சமாதானத்தை முன்னிட்டு" என்று காரணமும் எழுதியிருக்கிறார்கள். யாருடைய சமாதானம் என்று எழுதவில்லை.

அந்தத் தீர்மானத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. "ரத்து செய்க" என்றே எழுத வேண்டும் என்றுதான் எங்களில் பெரும்பாலோர் சொன்னார்கள். ஒருமைப்பாடு கருதி 'மறுபரிசீலனை' என்ற சொல்லுக்கு இணங்கியிருக்கிறோம்.

தீர்மானத்துக்குச் சொன்ன காரணங்களில் சத்தம் பற்றிய கவலை நியாயமானது. எந்தப் பாட்டுக்கு எத்தனை தப்பட்டை என்பதைப் பேசி முடிவு செய்யலாம். கீர்த்தனைகளையோ ஞானப்பாட்டுகளையோ யாரும் ஒதுக்கச் சொல்லவில்லை.

மற்றொரு காரணத்தை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதவில்லை, வாயால் மட்டும் சொன்னார்கள்: "அது சாவுமேளம்."

சாவுக்கு அடிக்கும் மணிதானே நம் ஆலயக் கோபுரத்தில் தொங்குகிறது? ஞாயிறு காலை அதே கயிற்றை இழுத்துத்தானே ஆராதனைக்கு அழைக்கிறோம்? நம் தோட்டத்து அரளியும் சம்பங்கியும் கல்யாணத்துக்கும் போகின்றன, பாடைக்கும் போகின்றன. பூவுக்கு இல்லாத தீட்டு, மணிக்கு இல்லாத தீட்டு, தோலுக்கு மட்டும் எப்படி வந்தது? தோலுக்கு அல்ல, அதை அடிக்கிற கைக்குத்தான் தீட்டு சொல்கிறார்கள். இதைச் சற்று மென்மையாக எழுதலாமே என்று ஆலோசனை வந்தது. முயன்றோம், முடியவில்லை.

பண்டிகையன்று தப்பட்டைக்காரர்கள் வளாகத்து மூலையில் வைக்கோலைக் கொளுத்தி, தோல் விறைக்கும்வரை காய்ச்சி, விரலால் தட்டித் தட்டிப் பதம் பார்த்தார்கள். இடக்கையில் நீண்ட சிண்டுக்குச்சி, வலக்கையில் குட்டையான அடிக்குச்சி. சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு படியேறியவர்கள் அந்தப் படியிலேயே நிறுத்தப்பட்டார்கள். அவர்கள் கூலிக்கு வந்த வெளியாட்கள் அல்லர். ஞானஸ்நானம் பெற்று, சந்தா கட்டி, நம்மோடு திருவிருந்து எடுக்கும் சபையார்.

1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணையைக் காட்டி, கிறிஸ்தவரானால் பட்டியல் சாதி இல்லை என்கிறது அரசு. அதை எதிர்த்து நாம் ஆண்டுதோறும் கறுப்பு தினம் அனுசரிக்கிறோம், மேடையில் முழங்குகிறோம். மேடையை விட்டு இறங்கி, ஆலயப் படியில் அதே சாதியைப் பார்த்து ஆளை நிறுத்துகிறோம்.

"தமிழ்ப் பண்பாடு ஆராதனைக்குள் வரட்டும், ஆனால்..." என்று சிலர் இழுப்பதால் கொஞ்சம் வரலாறு. தமிழ்ப் பண்பாடு நம் திருச்சபைக்குப் புதிதல்ல. எந்தப் பண்பாடு என்பதுதான் கேள்வி. இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி 1623இல் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். பூணூலும் குடுமியும் சந்தனமும் கிறிஸ்தவருக்கு ஆகும் என்று போப் பதினைந்தாம் கிரிகோரி அனுமதித்ததும் அதே ஆண்டுதான். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் தமிழ்ப் பாட்டுக்காக மிஷனரிமாரோடு மல்லுக்கு நின்றார், நன்றியோடு நினைக்கிறோம். அவரே சபைக்குள் சாதி வேறுபாட்டுக்கும் வாதாடினார். அதையும் மறைக்க வேண்டியதில்லை. பூணூலுக்குத் திறந்த கதவு நானூறு ஆண்டுக்குப் பின்னும் தப்பட்டைக்குத் திறக்கவில்லை.

இந்த மூடிய கதவை உடைக்கத்தான் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு, நம் 'பரட்டை' ஐயா, கிராமத்துப் பேச்சிலும் மெட்டிலும் வழிபாடு அமைத்தார். எல்லாரும் ஒரே உலையில் பொங்கித் தின்பதுதான் திருவிருந்து என்று கற்பித்தார். லுத்தரன் உலக சம்மேளனத்தின் 1996 நைரோபி அறிக்கையும், ஆராதனை அந்தந்த மண்ணில் வேரூன்ற வேண்டும் என்பதோடு, அந்த மண்ணின் அநீதியை எதிர்க்கவும் வேண்டும் என்கிறது. நம்மிடம் நடப்பது தலைகீழ்: மண்ணின் இசை வெளியே, மண்ணின் அநீதி உள்ளே. 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ராஷ்டிரபதி பவனுக்கு ஆகும் கலைஞர் நம் பீடத்துக்கு ஆகமாட்டாரா?

எங்கள் குழுவிலேயே மாற்றுக் கருத்து உண்டு. "தப்பட்டையைக் கீழே போட்டதுதான் எங்க அப்பாவுக்கு விடுதலை. மறுபடியும் எடுத்து எங்க பிள்ளைங்க தோளில மாட்டாதீங்க" என்று மூத்தவர் ஒருவர் சொன்னபோது எவரும் பதில் பேசவில்லை. நிர்வாகக் குழுவின் எந்த வாதத்தையும்விட இதையே நாங்கள் பெரிதாக மதிக்கிறோம். ஆகவே, பரம்பரையைக் காட்டி யாரையும் அடிக்கச் சொல்லக்கூடாது. எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும், ஆண் பெண் பாராமல், ஞாயிறு பள்ளியிலேயே கற்றுக்கொடுக்க வேண்டும். கீபோர்டு வாசிப்பவருக்கு என்ன சன்மானமோ அதுவே தப்பட்டைக்கும். நிற்கும் இடம் பாடகர் குழுவோடு, பீடத்துக்கு அருகில். இந்த நிபந்தனைகளோடு அந்த மூத்தவர் கையெழுத்திட்டார். இருவர் இடவில்லை, அவர்கள் கருத்தும் மதிக்கப்படுகிறது.

நிர்வாகக் குழுவை எதிர்ப்பது எங்கள் நோக்கமல்ல என்று இந்த இடத்தில் எழுதும்படி கேட்டுக்கொண்டார்கள், எழுதிவிட்டோம். ஆயர் முன்னிலையில் சபை முழுவதையும் கூட்டி, இந்த ஆண்டு அறுப்பின் பண்டிகைக்கு முன் தீர்மானத்தைத் திரும்ப எடுத்துப் பேசுமாறு கேட்டுக்கொள்கிறோம். அதுவரை தப்பட்டைக்காரர்கள் நிறுத்தப்படும் படியிலேயே பாடகர் குழுவும் நிற்கும். பாட்டு அங்கிருந்துதான் வரும்.