போர்க்களங்களுக்கு மிதிவண்டியில் போகலாமா?

ஆண்டுதோறும் நம் பள்ளிச் சுற்றுலா என்றால் பேருந்து, பாட்டு, புளியோதரைப் பொட்டலம் என்றுதான் தொடங்கும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி முடிப்பதற்குள் பாதிப் பேர் தலையைத் தொங்கப் போட்டுவிடுவோம். இம்முறை ஒரு மாறுதல் வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. பத்து மாணவியர், இரண்டு நாட்கள், மிதிவண்டியில் சென்று நம் பக்கத்துப் போர்க்களங்களைப் பார்த்து வருவோம்.

போர்க்களமா, இங்கேயா என்று கேட்பீர்கள். ஆலத்தூர் நாட்டில் பிறந்த நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். செம்மேட்டில் உள்ள வல்வில் ஓரியின் சிலை, பேருந்துக்குக் காத்திருக்கும்போது பார்க்கிற ஒன்று, அவ்வளவே.

ஓரியைக் கொன்றவன் மலையமான் திருமுடிக்காரி. கொன்றதோடு நில்லாமல் கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்கிறது அகநானூறு. இதில் எனக்கு ஆறாத மனக்குறை ஒன்று உண்டு. கடையெழு வள்ளல்களில் ஓரியும் ஒருவன், காரியும் ஒருவன். ஒரு வள்ளல் இன்னொரு வள்ளலைக் கொன்று, அவனுடைய மலையை மூன்றாம் ஒருவனுக்குப் பரிசளித்தான். மலையில் வாழ்ந்தவர்களை யார் கேட்டார்கள்? ஓரியின் தெருவில் காரி நுழைந்தபோது எழுந்த ஆரவாரத்தைக் கபிலர் நற்றிணையில் சொல்கிறார். அந்தப் பாட்டோ போரைப் பற்றியது அன்று. ஒரு பெண் தெருவில் நடந்ததைக் கண்டு ஊர் இரைந்ததற்கு, அது வெறும் உவமை!

அதன் பிறகும் மலைக்கு அமைதி இல்லை. பெருஞ்சேரல் இரும்பொறை அதியமானையும் இருபெரு வேந்தரையும் வென்றது கொல்லிக் கூற்றத்தில் என்று பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகம் கூறுகிறது. தகடூர், அதாவது இன்றைய தருமபுரி, வீழ்ந்த கதையும் அதிலேயே வருகிறது. முதல் உலகப் போரில் மாண்ட நம் நாட்டு வீரர் 4,700க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பிரான்சு நாட்டு நவ் சப்பேல் நினைவிடத்தில் உள்ளன. கொல்லியில் மாண்ட வீரர்களில் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

திட்டம் இதுதான். செம்மேட்டில் சிலையருகே காலையில் கூடுவோம். வளைவுகளில் மிதிவண்டி ஓட்டவே கூடாது. தடைக்கட்டை சூடேறினால் வண்டி நிற்காது. வண்டிகளைச் சிறு லாரியில் ஏற்றிக் காரவள்ளிக்கு அனுப்பிவிட்டு, நாம் பேருந்தில் இறங்குவோம். அங்கிருந்து சேந்தமங்கலம் வழியாக நாமக்கல் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். மாலையில் பாறைமேல் உள்ள கோட்டை. மறுநாள் திருச்செங்கோடு வழியே சங்ககிரி. அது போர்க்களம் அன்று, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட தீரன் சின்னமலை 1805 ஜூலை 31 அன்று தூக்கிலிடப்பட்ட கோட்டையை விட்டுவிட்டு எப்படித் திரும்புவது? ஆடிப் பதினெட்டு வேண்டாம். ஓரி விழாக் கூட்டத்தில் சாலையே தெரியாது. காலாண்டு விடுமுறை நல்லது.

பெண் பிள்ளைகள் நெடுஞ்சாலையில் மிதிவண்டியிலா என்று பெற்றோர் அஞ்சுவர். லாரிகளைப் பற்றிய அச்சம் நியாயமானதே. அதற்காகத்தான் பத்துப் பேர் மட்டும், வெயிலுக்கு முன் புறப்பாடு, முன்னும் பின்னும் பெரியவர்கள். மற்ற அச்சத்தை நான் ஏற்க மாட்டேன். 1991இல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சேலை கட்டிக்கொண்டே மிதிவண்டி பழகினார்கள். அவர்களுள் நம் அம்மாக்களைவிட மூத்தவர்களும் இருந்தார்கள்.

பதினோராம் வகுப்பில் என் அக்காவுக்கு அரசு மிதிவண்டி கிடைத்தது. "மேட்டில் இதை எங்கே ஓட்டப் போகிறாய்?" என்றார் அப்பா. இன்று அது திண்ணையில் நிற்கிறது. இரவில் கோழிகள் அதன்மேல் அடைகின்றன. மதர் அனுமதி தந்தால் முதலில் அதற்குக் காற்றடிக்க வேண்டும். அப்பாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

— பத்தாம் வகுப்பு மாணவி, ஆலத்தூர் நாடு