மஞ்சள் பலகை காட்டிய வழி

"புரூஜ் பார்க்காமலா வந்தீங்க? அவ்வளவு செலவு பண்ணிப் போயி ஒரு நாளைக் கல்லறையில கழிச்சிருக்கீங்களே சார்!"

திருத்துறைப்பூண்டியில் என்னோடு காலை நடை வரும் நண்பர் இப்படிக் கேட்டார். அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன். அவருக்கு மட்டுமல்ல, "பத்து நாளில் ஏழு நாடு" என்று பட்டியல் போட்டுப் பறக்கும் எல்லோருக்கும் சேர்த்து.

2019 ஜூனில் நானும் மனைவியும் பாரிஸிலிருந்து பெல்ஜியத்துக்குக் காரில் கிளம்பினோம். மருமகன் ஓட்டினார். லான்ஸ் நகரத்தை நெருங்கும்போது நெடுஞ்சாலையை அடைத்திருந்தார்கள். மஞ்சள் பலகையில் "தேவியாசியோன்" என்று எழுதியிருந்தது. காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் அல்லவா, "மாற்றுப்பாதை, திருப்புங்க மாப்ளே" என்றேன். அடுத்தடுத்த பலகைகளில் ஒன்றைத் தவறவிட்டோம். வயல்களுக்கு நடுவே சுற்றிச் சுற்றி ஒரு நாற்சந்திக்கு வந்தோம். அங்கே வட்டமான மதில், உள்ளே உயரமான தூண், இருபுறமும் கல்லில் இரண்டு புலிகள். தூணின் அடியில் தேவநாகரி எழுத்து!

அது நவ் ஷாப்பல் இந்தியப் போர் நினைவிடம். 1915 மார்ச் 10 முதல் 13 வரை அந்தக் கிராமத்தில் நடந்த சண்டையில் இந்தியப் படை பெரும் பங்கு வகித்தது. முதல் உலகப் போரில் பிரான்ஸ், பெல்ஜியம் மண்ணில் இறந்து, புதைத்த இடம்கூடத் தெரியாமல் போன 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் அந்த மதிலில் இருக்கின்றன. 1927இல் திறந்திருக்கிறார்கள். கார்வால்காரர்கள், கூர்க்காக்கள், சீக்கியர்கள், பஞ்சாபி முஸ்லிம்கள். நான் தமிழ்ப் பெயர் தேடினேன். என் கண்ணில் படவில்லை.

"நம்மாளு யாரும் இல்ல போலிருக்கு. கிளம்பலாமா?" என்றேன்.

மனைவி நகரவில்லை. "ஏங்க, நம்ம பேரு இருந்தாத்தான் நின்னு படிக்கணுமா?" என்றாள்.

இரண்டு மணி நேரம் நின்றோம். புரூஜ் போகவில்லை.

நண்பரின் அடுத்த வாதம்: "வெள்ளைக்காரன்கிட்ட கூலிக்குப் போனவன்தானே? அவனுக்கு எதுக்கு மரியாதை?" கூலிதான். சிப்பாய்க்கு அன்று மாதச் சம்பளம் 11 ரூபாய். அதற்காகக் கடல் தாண்டிப் போய், பழக்கமில்லாத குளிரில் செத்தார்கள். மலேயாவுக்கும் இலங்கைக்கும் ஆள் அனுப்பிய டெல்டாக்காரர்கள், இன்று வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருப்பவர்கள், கூலி என்ற சொல்லை இளக்காரமாகச் சொல்லலாமா?

ஆனால் நண்பரைத் திட்டுவதற்கு முன் நான் என்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும். அன்று இரவு லீல் நகரத்து விடுதியில் எனக்குத் தூக்கம் வரவில்லை. நினைவுக்கு வந்தது கீழ்வெண்மணி.

1968 டிசம்பர் 25. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை, பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசையில் வைத்து எரித்தார்கள். கீழ்க்கோர்ட்டு தண்டித்தவர்களை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. நான் அப்போது காரைக்காலில் மாணவன். 1789 ஜூலை 14இல் பஸ்தீய் சிறையை உடைத்த கதையைப் பிரெஞ்சில் ஒப்பிப்பேன். பக்கத்து ஊரில் நடந்ததைப் பற்றி என் பள்ளியில் யாரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

பிறகு வேலைக்கு வந்தேன். திருவாரூரிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு கீழ்வேளூர் வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன். தேவூர் பக்கம் திரும்பினால் வெண்மணி. ஒரு தடவைகூடத் திரும்பியதில்லை. வேலை இருந்தது, பஸ் போய்விடும், "நமக்கெதுக்கு வம்பு" என்ற குமாஸ்தா புத்தியும் இருந்தது. "நம்மாளு யாரும் இல்ல" என்று பிரான்ஸில் சொன்னேனே, அதையேதான் முப்பது வருடமாக வாய்விட்டுச் சொல்லாமல் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

ஊர் திரும்பிய அடுத்த மாதம் இருவரும் போனோம். வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. விசா வேண்டாம், மஞ்சள் பலகையும் வேண்டாம். 44 பெயரையும் வாய்விட்டுப் படிக்க மூன்று நிமிடம் ஆனது. அந்த மூன்று நிமிடத்துக்கு எனக்கு ஐம்பது வருடம் பிடித்திருக்கிறது.

ஐரோப்பா போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஈஃபில் கோபுரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். நானும் எடுத்தேன். ஆனால் அடுத்த முறை நாகப்பட்டினம் போகும்போது கீழ்வேளூரில் வண்டியை ஒருமுறை திருப்புங்கள். நண்பரே, இது உங்களுக்கும்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் தயார், காலை ஆறு மணிக்குக் கிளம்பலாமா?