'இங்' போடலாமா, கூடாதா?

போன வாரம் என் மகளின் ஆங்கில நோட்டில் சிவப்பு மையில் ஒரு பெரிய சுழி. "ஐ ஆம் நோயிங் தி ஆன்ஸர்" என்று எழுதியிருந்தாள். "நீதானேம்மா சொல்லிக் கொடுத்தே!" என்று நோட்டை என் முன்னால் போட்டாள். அன்று முதல் வீட்டுப் பாடம் என்றால் நேரே அப்பாவிடம்தான். எனக்குச் சுருக்கென்றது.

விடுவேனா? பழைய இலக்கணப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன்.

ஆங்கில வெர்புகளில் இரண்டு வகை உண்டு, சகோதரிகளே. குக், வாஷ், ரன், ரைட் எல்லாம் செயலைச் சொல்பவை. வேலை நடந்துகொண்டிருக்கும்போது 'இங்' போடலாம்: "ஐ ஆம் குக்கிங்." நோ, லைக், வான்ட் போன்றவை நிலையைச் சொல்பவை. இவற்றுக்குப் பொதுவாக 'இங்' ஒட்டாது. "ஐ நோ", "ஐ வான்ட்", அவ்வளவுதான்.

நம் தமிழிலேயே இதற்குத் துப்பு இருக்கிறது! "சமைத்துக்கொண்டிருக்கிறேன்" என்கிறோம். "எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது" என்று யாராவது சொல்வோமா? தெரியும், பிடிக்கும், வேண்டும் என்று நிறுத்திக்கொள்கிறோம் இல்லையா? ஆனால் இந்தத் துப்பு எல்லா இடத்திலும் கைகொடுக்காது. "நம்பிக்கொண்டிருக்கிறேன்" என்று தமிழில் சொல்லலாம். ஆங்கிலத்தில் "ஐ பிலீவ்"தான்.

சில வெர்புகள் இரண்டு வேஷமும் போடும். சாம்பாரில் உப்புப் பார்க்கும்போது "ஐ ஆம் டேஸ்டிங் தி சாம்பார்." அது நாம் செய்கிற வேலை. உப்புக் கூடிப்போனால் "தி சாம்பார் டேஸ்ட்ஸ் ஸால்டி." அது சாம்பாரின் நிலை! அதேபோல் காபி குடிக்கும்போது "ஐ ஆம் ஹாவிங் காபி" சரி. ஆனால் எனக்கு இரண்டு குழந்தைகள் என்பதற்கு "ஐ ஹாவ் டூ சில்ட்ரன்" என்றே சொல்ல வேண்டும். அங்கே 'ஹாவிங்' போட்டால், இரட்டைப் பிள்ளை பிறக்கப் போகிறதாக்கும் என்று கேட்பவர் நினைத்துக்கொள்வார்!

புதிதாக ஒரு வெர்ப் வந்தால் குழந்தையிடம் இப்படிக் கேளுங்கள்: "இது நாம செய்யற வேலையா, இல்லே சும்மா இருக்கிற நிலையா?" பெரும்பாலும் விடை தானே வந்துவிடும்.

நேற்று ராத்திரி அடுப்படியில் வைத்தே இதையெல்லாம் மகளுக்குச் சொன்னேன். கரண்டியிலிருந்து ஒரு சொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "தி சாம்பார் டேஸ்ட்ஸ் குட்" என்றாள். இன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில்தான் வந்து உட்கார்ந்தாள்.