‘காலங்காலமாக’ என்றால் எத்தனை வருஷம்?

கம்பம் நட்ட குழியில் கம்பம் இருக்காது, மட்கிப் போயிருக்கும். அந்த இடத்து மண் மட்டும் நிறம் மாறி வட்டமாகத் தெரியும். அப்படிப்பட்ட வட்டங்களை வைத்துத்தான் இங்கே ஒரு வீடு இருந்தது என்று சொல்கிறார்கள். போன வாரம் வேங்கிக்காலில் கேட்ட தொல்லியல் உரையில் என் மனதில் ஒட்டிக்கொண்டது இதுதான்.

உரை பெரும்பாலும் பையம்பள்ளி பற்றியது. திருப்பத்தூர் பக்கத்து ஊர். 1960களில் இந்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது புதிய கற்கால வீடுகள் கிடைத்தன. தரையைக் குடைந்து அமைத்த குழி வீடுகள். சில வட்டம், சில நீள்வட்டம். ஓரத்தில் கம்பக் குழிகள். வழவழப்பாகத் தேய்த்த கற்கோடரிகள், கருகிய கொள்ளு, பச்சைப்பயறு. மூவாயிரம் ஆண்டுக்கும் முந்தைய சமையல். எங்கள் வீட்டில் அன்றைக்கும் கொள்ளு ரசம்தான்!

பக்கத்தில் இருந்த தோழர் காதில் சொன்னார்: “பாத்தியா, ஊரும் இல்ல, சேரியும் இல்ல.” எனக்கும் கைதட்டத் தோன்றியது. ஆனால் சில குழிகளை வைத்து அங்கே மேல் கீழ் கிடையாது என்று சொல்லிவிட முடியாது. பழம்பெருமை பேசுவது அவர்கள் தொழில். நமக்கு அது வேண்டாம்.

நமக்குத் தேவை தேதி. 1948இல் வெளிவந்த ‘தீண்டப்படாதார்’ நூலில் அம்பேத்கர் அதைத்தான் தேடினார். கி.பி. 400 வாக்கில் தீண்டாமை தோன்றியது என்று கணித்தார். அந்தக் கணக்கோடு ஒருவர் முரண்படலாம். ஆனால் தீண்டாமைக்கு ஒரு தொடக்கம் உண்டு என்ற கேள்வியை இனி யாரும் மூடிவைக்க முடியாது.

நம் தண்டராம்பட்டு வட்டத்தையே பாருங்கள். மோட்டூரில் கல்வட்டத்துக்குள் மனித உருவில் ஒரு பலகைக்கல் நிற்கிறது. (அது பையம்பள்ளி வீடுகளுக்குப் பிந்தைய பெருங்கற்காலம், இரண்டையும் குழப்பக் கூடாது என்று உரையாளர் இரண்டு முறை சொன்னார்.) அதே வட்டத்துத் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் போலீஸ் பாதுகாப்போடு முதன்முதலாக நுழைந்தது 2023 ஜனவரி 30. கல்லுக்கு வயது கணக்கிடுகிறோம். வழக்கத்துக்கு மட்டும் யாரும் வயது கேட்பதில்லை.

உரை முடிந்து கலெக்டர் ஆபீஸ் எதிரில் பஸ்ஸுக்கு நின்றோம். திங்கட்கிழமை அங்கே எங்கள் ஊர் சுடுகாட்டுப் பாதை மனுவோடு திரும்ப வரவேண்டும். போன முறை எதிர்த்தரப்பு கொடுத்த தாளில் ‘காலங்காலமாக’ என்று மூன்று இடத்தில் இருந்தது. எந்த வருஷத்திலிருந்து என்று எழுதித் தரச் சொல்லி இந்த முறை கேட்கப் போகிறோம்.